தொகுத்தலும் காத்தலும்

பொருள்களைத் தொகுத்தல் எளிது. தொகுத்தவற்றை வகைப்படுத்திக் காத்தல் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர் ஜெபர்சன் பர்டிக் என்னும் அமெரிக்கர்.

அந்நாட்டில் புகையிலை, மிட்டாய் முதலியவற்றை விற்றோர், பேஸ்பால் ஆட்டக்காரரின் உருவம் அச்சிட்ட சிறு அட்டைகளையும் உடன்வைத்து வழங்கினர். பலர் அவற்றைப் பார்த்தபின் எறிந்தனர். சைரக்கியூஸ் நகரில் தொழிலாளியாய் வாழ்ந்த பர்டிக்கோ, அத்தகைய அட்டைகளை இளமை முதற்கொண்டே தேடிச் சேர்த்தார். அட்டைகள் பெருகவே, வேண்டியதை எடுத்தல் அரிதாயிற்று. ஆதலின் 1939இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பின்னர் அதனைத் திருத்தி, வகைக்கு ஓர் எழுத்தும் வரிசைக்கு ஓர் எண்ணும் அமைத்தார். 'டி 206' என அவர் இட்ட குறியீட்டையே தொகுப்போர் இன்றும் வழங்குகின்றனர்.

மூட்டுவாதம் அவர் கைகளை முடக்கி வந்தது. தம் தொகுதி சிதறலாகாது எனக் கருதி, 1947 முதல் அதனை நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக்காட்சி நிலையத்திற்குப் பகுதி பகுதியாக அளித்தார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் ஏடுகளில் ஒட்டி ஒழுங்குசெய்ய, நோயுற்ற கைகளோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1963 சனவரியில் பணி நிறைவுற்றது. இரண்டே திங்களில் அவர் மறைந்தார்.

மாணவர்களே! பசை அட்டையைக் கெடுக்குமாதலின், இக்காலத்தார் ஒட்டுவதில்லை. ஆண்டு, குழு, எண் என்னும் முறையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் தெளிந்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் அணுகாமல் வைக்கின்றனர். காக்கும் வழி மாறலாம். ஒழுங்கில்லாத் தொகுதி வெறுங் குவியலே என்பது மாறாது.