வார ஊசி: டோஸை ஏன் மெல்ல ஏற்ற வேண்டும்?

எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் வீகோவி ஊசியை 0.25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என ஏற்றி, 17-வது வாரத்தில்தான் 2.4-க்கு வருவார்கள். 'முதல் மாதம் எடை இறங்கவே இல்லையே, நேராகப் பெரிய டோஸ் போட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். முதல் டோஸ் எடைக்காக அல்ல, வயிற்றைப் பழக்குவதற்காக. இதிலுள்ள செமாக்ளூடைட், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் முந்தைய ஊசியின் மீதியும் சேர்ந்து, நான்கைந்து வாரத்தில்தான் அளவு ஒரு நிலைக்கு வருகிறது. அதற்குள் ஏற்றுவது, பழைய டோஸின் முழு விளைவைப் பார்க்காமலே அடுத்ததைக் கூட்டுவதாகும். இந்த மருந்தைச் சோதித்த ஸ்டெப் 1 ஆய்வில், மெல்ல ஏற்றியபோதே 100-ல் 44 பேருக்குக் குமட்டல் வந்தது.

அந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது 2.4 டோஸில்தானே என்பது நியாயமான வாதம். ஆனால் வாந்தியால் பாதியில் நிறுத்தியவருக்கு அந்தப் பலன் கிடைக்காது. குமட்டல் அடங்காவிட்டால், ஏற்றுவதை நான்கு வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்றிய வாரத்தில் பூரி, வடை வேண்டாம்; வழக்கமான சாதத்தில் பாதி போதும், வயிறு நிறைந்ததாகத் தோன்றியதும் கையைக் கழுவிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி விட்டுப்போனால், பழைய டோஸை நீங்களாகவே தொடராதீர்கள். முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.