தாலிக்கு ரோமாபுரி போட்ட நிபந்தனை

கேள்வி: ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் அண்மையில் என் அக்கா மகளுக்குத் திருமணம் நடந்தது. சிராங்கூன் சாலையில் வாங்கிய சிலுவைத் தாலியை ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார், குத்துவிளக்கும் ஏற்றினோம். உடன் வேலை செய்யும் பெந்தெகொஸ்தே தோழி, “இதெல்லாம் வேதப்புரட்டு” என்கிறார். தாத்தாவோ, “ரோமாபுரியே ஒரு காலத்தில் தாலியைத் தடை செய்தது” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, செங்காங்

பதில்: தாத்தா சொல்வதில் முக்கால்வாசி சரி, சகோதரி. மீதிக் கால்வாசியில்தான் சுவாரசியமே இருக்கிறது. அதற்கு முன் தோழியின் குற்றச்சாட்டைப் பார்த்துவிடுவோம்.

வேதப்புரட்டை, அதாவது தப்பறையை, திருச்சபை எளிதில் யார் மீதும் சுமத்துவதில்லை. விசுவாசம் என்று வரையறுத்த ஒன்றைத் தெரிந்தே, பிடிவாதமாக மறுத்தால்தான் அது தப்பறை. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ், மகன் தந்தையால் படைக்கப்பட்டவர், ஆகவே தந்தைக்கு இணையல்ல என்று போதித்தார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதைத் தள்ளினார்கள். ஞாயிற்றுப் பூசையில் சொல்லும் நீண்ட விசுவாச அறிக்கை அந்தச் சண்டையில் பிறந்ததுதான். தாலி கட்டும்போது இப்படி எந்த விசுவாசமும் மறுக்கப்படுவதில்லை. தாலி, சந்தனம், குடுமி பற்றி ரோமாபுரியில் நூற்றாண்டுக்கு மேல் இழுத்த வழக்கில் கேட்கப்பட்டதே வேறு: ஒரு வழக்கம் வெறும் ஊர் மரியாதையா, வேறு தெய்வத்துக்கான வழிபாடா? இதற்கு ‘மலபார் சடங்கு விவாதம்’ என்று பெயர். பெயர்தான் மலபார், நடந்ததெல்லாம் மதுரையையும் புதுச்சேரியையும் சுற்றி.

பிள்ளையார் சுழி போட்டவர் தத்துவ போதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்து சந்நியாசிக் கோலம் பூண்ட இத்தாலியர். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அடையாளங்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதே மதுரையில் இருந்த சக இயேசு சபைக் குருவே அவர் மீது புகார் எழுதினார். 1619-இல் கோவாவில் விசாரணை நடந்தது. அங்கே பேராயரே எதிர்ப்பு. கடைசியில் 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார், மூடநம்பிக்கை ஒட்டாதவரை இருக்கட்டும் என்று அனுமதித்தார்.

எண்பது ஆண்டு கழித்துக் காற்று திசை மாறியது. பாப்பரசரின் தூதராகத் தெ தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். எட்டு மாதம் தங்கினார், பெரும்பாலும் உடல்நலமின்றி. மதுரைப் பக்கத்து ஊர்களை அவர் கண்ணாலும் பார்க்கவில்லை. சீனாவுக்குக் கப்பலேறும் தறுவாயில், 1704-இல், 16 பிரிவுகள் கொண்ட ஓர் ஆணையை விட்டுச் சென்றார். கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. நெற்றியில் சாணச் சாம்பல் பூசக் கூடாது. பெண் பூப்பெய்தியதை ஊரறியக் கொண்டாடக் கூடாது. ஞானஸ்நானத்தில் குரு உமிழ்நீர் தொட்டு வைக்கும் பழைய சடங்கை விடக் கூடாது (எச்சில் என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்களே என்று குருமார் அதை விட்டுவிட்டிருந்தார்கள்). பிள்ளையார் உருவம் பொறித்த தாலியும், மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறும் கூடாது.

தாத்தா தவறவிட்ட கால்வாசி இங்கேதான் இருக்கிறது. பிள்ளையாருக்குப் பதில் சிலுவையோ, இயேசு, மாதா உருவமோ உள்ள தாலியை அணியலாம் என்றது அதே ஆணை. உங்கள் அக்கா மகள் கழுத்தில் ஏறியது தூர்னோன் தாராளமாக ஒப்புக்கொண்டிருக்கக்கூடிய தாலி!

அவரை வெறும் கறார்ப் பேர்வழி என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சாகக் கிடக்கும் பறையருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க அவர் வீட்டுக்குள் போகக் குருமார் மறுக்கக் கூடாது. மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் நற்கருணைக்கும் வராமல் தடுக்கக் கூடாது. இவையும் அதே ஆணையில் இருந்தவைதான். ஊர் மரியாதை என்ற போர்வைக்குள் சாதியும் பதுங்கியிருந்ததை, நம் ஊரைச் சரியாகப் பார்க்காத மனிதர் பார்த்துவிட்டார். நொபிலியைப் புகழும் நாம் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறோம்.

1744-இல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் இந்தத் தடைகளை உறுதிசெய்தார். அவற்றை மீறமாட்டோம் என்று மறைபரப்புக் குருக்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சீனரின் முன்னோர் வழிபாட்டுக்கு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அவர் பூட்டுப் போட்டிருந்தார். சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் 1870 வாக்கில் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒன்றாகப் பூசை கண்டார்கள். ஒரு சாராருக்கு ஊதுபத்தித் தடை, இன்னொரு சாராருக்குத் தேங்காய்த் தடை! தமிழருக்கென லூர்து ஆலயம் 1888-இல்தான் வந்தது.

இதையெல்லாம் நீக்கியது 1962-இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முடிச்சு அவிழ்ந்தது ஜப்பானில். 1932-இல் தோக்கியோவின் கத்தோலிக்க சோபியா பல்கலைக்கழக மாணவர் சிலர் யாசுகுனி என்ற ஷிந்தோ கோயிலில் தலைவணங்க மறுக்க, பெரிய சர்ச்சையானது. அது நாட்டுப்பற்றின் அடையாளம் மட்டுமே என்று அரசு விளக்கம் தந்தது. ரோமாபுரி 1936-இல் அதை ஏற்றது. காலம் மாறினால் ஒரு சடங்கின் பொருளும் மாறலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 1939-இல் சீனரின் தடை தளர்ந்தது. 1940-இல் நம் பக்கத்துக் குருக்களின் சத்தியமும் ரத்தானது.

வத்திக்கான் சங்கத்தின் பங்கு உங்கள் குத்துவிளக்கில்தான் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாக 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டுப் பெற்ற 12 மாற்றங்களில் எண்ணெய் விளக்கும் ஆரத்தியும் அடங்கும். விளக்கே வேண்டாம் என்பதற்கு உங்கள் தோழியின் சபைக்கு அதற்கே உரிய வேதாகம வாசிப்பு இருக்கிறது. அதை அவர் தாராளமாக வாதாடலாம். தப்பறை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.