பதறாத காரியம் சிதறாது

விடுமுறைக்கு ஊருக்குச் செல்ல நாம் இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். சில நிமிடங்களில் சீட்டு கிடைத்துவிடுகிறது. இதன் பின்னே மறைந்துள்ள பல்லாண்டு உழைப்பை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

முன்பெல்லாம் இரயில்களுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. எழுத்தர்கள் பயணிகளின் பெயர்களைக் கையால் எழுதினர். திரும்பி வரும் பயணத்திற்கு இடம் கேட்டுத் தந்தி அனுப்ப வேண்டியிருந்தது. மக்கள் கால்கடுக்க நின்றனர்.

இம்முறையை மாற்றக் கணிப்பொறியை நாடியது இரயில்வே. ஆனால் அதற்காக ஒரு நாள்கூட இரயில்களை நிறுத்த இயலுமா? ஆகவே நாடெங்கும் ஒரே நாளில் தொடங்காமல், 1985-ஆம் ஆண்டு டில்லியில் மட்டும் சோதனையாகத் தொடங்கினர். பின்னரே மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கு விரிவாக்கினர்.

ஆயினும் ஐந்து மையங்களும் தனித்தனித் தீவுகளாகவே இருந்தன. அவற்றை ஒன்றாக இணைக்கும் பணி 1999-இல் நிறைவுற்றது. 2002-இல் இணையம் வழியே பதிவு செய்யும் வசதியும் வந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இயந்திரங்களை வாங்குவது மட்டும் திட்டமாகாது. முன்கூட்டியே திட்டமிடுதல், சிறிய அளவில் சோதித்தல், பணியாளரைப் பழக்குதல், பழுது நேர்ந்தால் மாற்றுவழி வைத்திருத்தல் ஆகிய நான்கும் வேண்டும்.

தேர்வுக்கு முதல்நாள் இரவில் முழுப் புத்தகத்தையும் படிக்க முயலும் நாம், இப்பாடத்தை முதலில் கற்போமாக! இறையருள் துணை நிற்க, படிப்படியாக உயர்வோமாக!