இறுக்கம் எப்போதும் நல்லதா? இரு பாதிகளுக்கு இடையே ஒரு மயிரிழை

மாணவர்களே, நம் நாட்டில் தேசிய சேவையை முடித்த மூத்தவர்கள் பலருக்கு எம்16 எஸ்1 என்ற துப்பாக்கி பழக்கமானது. அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியை உரிமம் பெற்று சிங்கப்பூரிலேயே தயாரித்த வகை அது. பின்னர் அதன் இடத்தை எஸ்ஏஆர் 21 பிடித்தது. எம்16இன் உடற்பகுதி இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டும் அலுமினியக் கலப்புலோகம். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று எனக் குறுக்கே செருகப்படும் இரண்டு எஃகு ஆணிகள் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆணிகளை வெளியே தள்ளினால் பாதிகள் பிரிந்துவிடும். துடைத்துச் சுத்தம் செய்யலாம்.

கையில் எடுத்து ஆட்டினால், சிலவற்றில் மேற்பாதி லேசாக ஆடும். “பழுதாகிவிட்டதோ?” என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்கு விடை தேடுவோம். துப்பாக்கி இங்கே ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. பொருந்திச் சேரும் எல்லாப் பொருள்களுக்கும் இந்தப் பாடம் பொதுவானது.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

6.35 மி.மீ. விட்டமுள்ள ஆணியை அதே 6.35 மி.மீ. துளைக்குள் விரலால் செருக முடியுமா? முடியாது. துளை சற்றே பெரிதாக இருந்தாக வேண்டும். அத்துடன், எந்த இயந்திரமும் ஆயிரம் ஆணிகளை ஒரே அளவில் கடைந்து தராது. அதனால் பொறியாளர்கள் ஒரு வரம்பு வகுக்கிறார்கள். அதை ‘டாலரன்ஸ்’ என்பார்கள்.

கணக்குக்காக ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். ஆணி 6.33 முதல் 6.35 மி.மீ. வரை இருக்கலாம். துளை 6.36 முதல் 6.40 மி.மீ. வரை இருக்கலாம். மிகப் பெரிய ஆணி மிகச் சிறிய துளைக்குள் போனால் இடைவெளி 0.01 மி.மீ. மிகச் சிறிய ஆணி மிகப் பெரிய துளைக்குள் போனால் 0.07 மி.மீ. இரண்டுமே விதிப்படி சரியானவை. ஆனால் முதலாவது கையில் இறுக்கமாகவும் இரண்டாவது தளர்வாகவும் தெரியும்.

இந்தத் தளர்வு நாம் கொடுக்கும் விலை. அதற்குக் கிடைக்கும் பொருள் என்ன? எந்த மேற்பாதியும் எந்தக் கீழ்ப்பாதியுடனும் சேரும்! 1785இல் பிரான்சில் ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் இதைச் செய்து காட்டினார். கழற்றி வைத்த ஐம்பது துப்பாக்கி விசையமைப்புகளின் பாகங்களை, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டிப் பார்த்தார், அவை பொருந்தின. அதுவரை ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி அதன் ஜோடிக்கு மட்டும் பொருத்துவதே வழக்கம்.

சூடேறினால் இறுகுமா?

“உலோகம் விரிவடைந்து துளை சுருங்கிவிடும்” என்று பலர் எழுதுவார்கள். தவறு. உலோகம் விரியும்போது துளையும் சேர்ந்தே பெரிதாகும். வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அலுமினியத்தில் உள்ள 6.35 மி.மீ. துளை சுமார் 0.007 மி.மீ. பெரிதாகும். எஃகு ஆணி சுமார் 0.004 மி.மீ. தடிக்கும். ஆகவே இடைவெளி கூடும், ஆனால் 0.003 மி.மீ. அளவுக்குத்தான். 0.07க்கு முன்னால் அது அற்பம்.

ஆட்டத்தால் குறி தவறுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. இரு ஆணிகளுக்கும் இடையே சுமார் 160 மி.மீ. தூரம் என்று கொள்வோம். ஒரு முனை 0.07 மி.மீ. நகர்ந்தால், வடிவொத்த முக்கோண விதிப்படி 100 மீட்டர் தொலைவில் விலகல்:

0.07 ÷ 160 × 100 மீ = ஏறக்குறைய 4.4 செ.மீ.

குறிபார்க்கும் உறுப்பு ஒரு பாதியிலும் குழல் மறு பாதியிலும் இருந்திருந்தால் இந்த விலகல் அப்படியே குறியைப் பாதிக்கும். ஆனால் எம்16இல் குழல் மேற்பாதியில் பூட்டப்பட்டுள்ளது. பின்புறக் குறித்துளையும் அதே மேற்பாதியில்தான். முன்புறக் குறிமுனை குழலின் மேலேயே உள்ளது. மேற்பாதி ஆடினால் மூன்றும் சேர்ந்தே ஆடும். கண் பார்க்கும் கோட்டுக்கும் குழலின் திசைக்கும் இடையிலான கோணம் மாறாது. பிடிப்பு உறுதியாகத் தோன்றாமல் போகலாம், குறிக்கோடு கெடுவதில்லை.

ஆகவே தளர்வைக் கண்டதும் “எப்படி இறுக்குவது?” என்று கேட்பதற்கு முன், “எந்த இரண்டு பாகங்களுக்கு இடையிலான உறவு மாறக்கூடாது?” என்று கேளுங்கள்.

ஆட்டத்தைப் போக்குவது எப்படி?

பருமனான ஆணி போடலாம். ஆனால் சுத்தியல் இல்லாமல் கழற்ற முடியாமல் போகும், துளையும் சேதமாகும். எளிய வழி, நெகிழும் தன்மையுள்ள சிறு ஆப்பு. அதைக் கீழ்ப்பாதியின் பின்பகுதிக்குள் வைத்து மூடினால் அது நசுங்கி, மேற்பாதியை மேல்நோக்கித் தள்ளும். துளையின் ஒரு விளிம்பு ஆணியோடு ஒட்டிக்கொள்ளும். இடைவெளி மறையவில்லை. அது ஒரே பக்கமாக ஒதுங்கியது, அவ்வளவுதான். ஆட வைக்கும் விசையைவிட ஆப்பு தள்ளும் விசை அதிகமாக இருக்கும்வரை ஆட்டம் தெரியாது. அளவுக்கு மீறித் தடித்த ஆப்பு வைத்தால் ஆணியே உள்ளே போகாது. (படையில் இத்தகைய வேலை ஆயுதப் பழுதுபார்ப்பவருடையது. வேறு யாரும் கைவைக்கக் கூடாது.)

இதே தத்துவம் உங்கள் வீட்டிலும் உண்டு. கைவிளக்கைத் திறந்து பாருங்கள். மின்கலங்களின் நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். அதனால் உறையை நீளமாகச் செய்து, மிஞ்சும் இடைவெளியைச் சுருள்வில்லிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே வகைப் பேனாக்கள் ஐந்தை எடுங்கள். பேனாத் தண்டின் வெளிவிட்டத்தையும் மூடியின் உள்விட்டத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து, மிகப் பெரிய, மிகச் சிறிய இடைவெளிகளைக் கணக்கிடுங்கள்.

2. வெர்னியரால் வேறுபாடு தெரியாவிட்டால், தண்டின் விட்டத்தை 0.01 மி.மீ. வரை காட்டும் திருகு அளவியால் மறுபடி அளந்து பாருங்கள்.

3. வீட்டில் ஆடும் பொருள்கள் மூன்றைக் கண்டுபிடியுங்கள். அந்த ஆட்டம் குறையா, வேண்டியே விடப்பட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்துடன் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை எழுதத் தெரிந்தவர் பொறியாளரைப் போலச் சிந்திக்கத் தொடங்கிவிட்டார்.