பழம்பெரும் ஊர்திகள்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில், கீழக்கரை என்னும் பழம்பதி அமைந்திருக்கின்றது. வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர் அது. முத்தும் சங்கும் அவ்வூர் வணிகர்க்குப் பொருளையும் புகழையும் ஈட்டித் தந்தன. அக்கரையில் வத்தைகளும் வள்ளங்களும் மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருந்த காட்சியை முதியோர் நன்கு அறிவர். மரக்கலம் ஒன்று பழுதுபட்டால், தச்சர் உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை பொருத்துவார். பலகைகளின் இடுக்கில் பஞ்சினைத் திணித்துக் கலப்பற்று அடிப்பார். பின்னர் மீன் எண்ணெய் பூசுவார். அவ்வாறு பேணப்பட்ட கலம் பல்லாண்டு கடலில் உழைத்தது.

அதே கரையில் கேட்பாரற்று விடப்பட்ட இரும்பின் நிலை வேறு. இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடினால் துரு உண்டாகும். நீரில் உப்புக் கலந்திருந்தால் அந்த வினை பன்மடங்கு விரைந்து நிகழும். கடற்காற்று உப்பு நுண்துளிகளைச் சுமந்து வருவது. ஆகவே, கடலோர ஊர்களில் மோட்டார் வண்டியின் அடித்தளமும், சக்கரங்களை மூடிய தகடும், கதவுகளின் கீழ்விளிம்பும் முதலில் அரிக்கப்படுகின்றன. வெளியே வண்ணம் மின்னும்; உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும். இத்தகைய பகைவனை எதிர்த்து ஒரு மோட்டார் வண்டியை ஐம்பது அறுபது ஆண்டுகள் காப்பாற்றுவது எளிய செயலன்று. அதனைச் செய்து முடித்தவர்கள் ஒன்றுகூடித் தம் வண்டிகளை மக்களுக்குக் காட்டும் விழாவே பழம்பெரும் ஊர்திகளின் கண்காட்சியாகும்.

மோட்டார் வண்டியின் வரலாறு நெடியதன்று. செருமானிய நாட்டுக் காரல் பென்சு என்பார் தம் மூன்று சக்கர வண்டிக்கு 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவ்வண்டியால் நெடுந்தொலைவு செல்ல இயலும் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் அவருடைய துணைவியார் பெர்த்தா பென்சு அம்மையார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் தம் மைந்தர் இருவருடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்சைம் நகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை அவ்வண்டியில் கடந்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தது; மருந்துக் கடை ஒன்றில் அதனை வாங்கினார். எரிபொருட்குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் செருகும் ஊசியால் அதனைத் தூய்மை செய்தார். தடைக்கட்டை தேய்ந்தது, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக்கொண்டு அதன்மேல் தோல் வைத்துத் தைப்பித்தார். அம்மையாரின் பெயர் உலகெங்கும் விளங்குகின்றது. அத்தொழிலாளியின் பெயரை அறிந்தவர் அரியர்.

இங்கிலாந்தில் புதிய ஊர்திகளுக்குச் சட்டமே தடையாக நின்றது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, குதிரையின்றி இயங்கும் வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடத்தல் வேண்டும். வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் விரைதல் கூடாது. 1896இல் இக்கட்டு தளர்ந்து, 14 மைல் வரை செல்ல இசைவு கிடைத்தது. அவ்விடுதலையைக் கொண்டாட, அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் இலண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு வண்டிகள் அணியாகப் புறப்பட்டன. புறப்படுமுன் ஒரு செங்கொடியைக் கிழித்து எறிந்தனர். அந்நிகழ்ச்சி 1927 முதல் மீண்டும் நடத்தப்பெற்று வருகின்றது. 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே அதில் கலந்துகொள்ளலாம். உலகெங்கும் நடைபெறும் பழைய ஊர்தி விழாக்களுக்கு இதுவே மூத்தது எனலாம்.

நம் நாட்டிலும் இவ்வார்வம் வேரூன்றியுள்ளது. தில்லியில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழின் சார்பில் 1964இல் பழைய கார்களின் அணிவகுப்புத் தொடங்கியது. இரயில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த, 1914ஆம் ஆண்டில் செய்யப்பட்ட தீயணைப்பு வண்டி ஒன்று அவ்வணிவகுப்பில் பன்முறை ஓடியுள்ளது. தமிழ்நாட்டில் சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் என்னும் கழகத்தார் இத்தகைய கண்காட்சிகளை நடத்தியுள்ளனர். 1920ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தைக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கிய அறிஞர் ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவைப் போற்றும் அறநிலையத்தார், கோவையில் 2015இல் கார் அருங்காட்சியகம் ஒன்றனைத் திறந்தனர்.

கண்காட்சி பெரும்பாலும் சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் நடைபெறும். காண வருவோர் ஞாயிற்றுக்கிழமையின் பொலிவை மட்டுமே காண்பர். கழகத்தார்க்கோ உழைப்பு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சிலர் வண்டியை ஓட்டியே கொணர்வர். நெடுவழிக்கு அஞ்சுவோர் அதனைச் சுமைவண்டியில் ஏற்றிக் கொணர்வர். சனிக்கிழமை காலையில் களத்தில் இறங்கியதும், வழிப்புழுதி நன்னீரால் கழுவப்படும். பின்னர் மென்துணியால் துடைத்து மெருகிடுவர். சக்கரங்களில் காற்றின் அளவும், மின்கலத்தின் வலிமையும், எண்ணெயின் மட்டமும் ஆராயப்படும். பழைய வண்டிகள் எண்ணெய் சொட்டும் இயல்பின. ஆகவே, தரை கெடாதவாறு பொறியின் கீழே ஒரு தட்டு வைக்கப்படும். வண்டியின் பெயர், செய்த ஆண்டு, பொறியின் ஆற்றல் ஆகியவற்றைக் கூறும் பலகை முன்னால் நிறுத்தப்படும்.

மிகப் பழைய வண்டிகளை இயக்கும் முறையே ஒரு தனிக்கலை. இக்காலத்து வண்டி, பொத்தானை அழுத்தியவுடன் உயிர்பெறும். அவ்வண்டியோ முன்புறத்தில் செருகப்படும் வளைந்த இரும்புக் கைப்பிடியைச் சுழற்றினாலன்றி எழாது. சுழற்றுமுன், தீப்பொறி தோன்றும் நேரத்தைப் பிந்தச் செய்யும் நெம்புகோலை உரிய இடத்தில் நிறுத்தல் வேண்டும். மறந்தால், பொறி எதிர்த்திசையில் உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டைவிரலைக் கைப்பிடியின் மறுபுறம் வளைத்துப் பற்றாமல், ஏனைய விரல்களின் பக்கமே வைத்தல் வேண்டும். பிடி எதிர்த்து வருமானால் கை எளிதில் விலகும். இவ்வறிவு நூலைப் படிப்பதனால் மட்டும் வருவதன்று. அறிந்தவர் ஒருவர் அருகில் நின்று, கற்பவரின் கையைப் பற்றிக் காட்டல் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மக்கள் திரள்வர். சிறுவர் தொட்டுப் பார்க்க விழைவர். இளைஞர் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வர். முதியோர் ஒருவர் ஒரு வண்டியின்முன் நெடுநேரம் நின்றுவிடுவதும் உண்டு. அது விலையுயர்ந்த அரசர்கால வண்டியாக இருத்தல் வேண்டுவதில்லை. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். பொறியை மூடிய அதன் முகப்பு முழுவதும், பெருமீன் வாயைத் திறப்பதுபோல் முன்னோக்கித் திறக்கும். அன்றி, 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடராகவும் இருக்கலாம். மணமக்களை ஏற்றிச் சென்றதும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் இத்தகைய எளிய வண்டிகளே. அரசரின் வண்டி ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லும். அம்பாசிடரோ ஒரு நாட்டின் வரலாற்றைச் சொல்லும்.

வண்டிகளை ஆராய நடுவர் வருவர். பொறி, இருக்கை, விளக்கு, வண்ணம் ஆகியவை முதலில் இருந்தவாறே உள்ளனவா என்று அவர்கள் நுணுகிப் பார்ப்பர். இங்கே ஒரு வினா எழுகின்றது. வண்டியின் பழைய வண்ணத்தைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுதல் நன்றா? அல்லது, மங்கியும் கீறியும் உள்ள முதல் வண்ணத்தையே விட்டுவைத்தல் நன்றா? புதுவண்ணம் கண்ணைக் கவரும். ஆனால் வண்டி வாழ்ந்த வாழ்க்கையை மறைத்துவிடும். பழைய வண்ணம் உண்மையைச் சொல்லும். ஆனால் துருவுக்கு வழிவிட்டுவிடும். இருபாலாரும் தத்தம் கொள்கைக்கு அரண் தேடுவர். பொறுத்திருக்கக்கூடிய தழும்பை விட்டுவைப்பதும், பரவக்கூடிய நோயை நீக்குவதுமே நடுநிலையான வழி. துருப்பிடித்த தகட்டை மாற்றலாம்; மங்கிய வண்ணத்தை மதிக்கலாம்.

பழைய வண்டிகளைப் பேணுதல் செல்வரின் வீண்பெருமை என்றும், அவற்றின் புகை காற்றைக் கெடுக்கும் என்றும் கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லை எனல் பொருந்தாது. இதனை எண்ணியே 2021இல் இந்திய அரசு விதிகள் வகுத்தது. முதற்பதிவு செய்து 50 ஆண்டுகள் கடந்து, முதல் வடிவம் மாறாதிருக்கும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் பழம்பெரும் ஊர்திகள் எனத் தனியே பதிவு பெறலாம். அவற்றின் எண்பலகையில் ‘விஏ’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காகவே அவை சாலையில் செல்லலாம். நாள்தோறும் பயன்படுத்துதலும் வாடகைக்கு ஓட்டுதலும் கூடா. இவ்வாறு சட்டம், பழமைக்கு இடம் தந்து, காற்றுக்கும் காவல் செய்கின்றது. எனினும், பெருமைக்காக மட்டுமே வண்டி வைத்திருப்போர்க்குச் சட்டம் அறிவு புகட்ட இயலாது. அதனை அவர்கள்தாமே பெறுதல் வேண்டும்.

அவ்வறிவு யாது? அவ்வண்டியை வாழவைத்தவர் யாவர் என உணர்தலே அது. பழைய வண்டிக்குரிய உறுப்புகள் கடையில் கிடைப்பதில்லை. தேய்ந்த உறுப்பை அளந்து, கடைசல் எந்திரத்தில் புதியதொன்றைக் கடைந்து தருபவர் ஒருவர். நெளிந்த தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி, விரலால் தடவிப் பார்த்து, பழைய வளைவைக் கொணர்பவர் ஒருவர். இருக்கைக்குத் தோல் தைப்பவர் ஒருவர். ஓசையைக் கேட்டே பொறியின் நோயை அறியும் மெக்கானிக் ஒருவர். இவர்களுள் பலர் பள்ளியில் நெடுநாள் பயின்றவரல்லர். எனினும் இவர்களின் விரல்கள் பெரும்புலமை பெற்றவை. கண்காட்சிப் பலகையில் வண்டியின் பெயர் உண்டு. உரிமையாளரின் பெயர் உண்டு. இவர்களின் பெயரோ பெரும்பாலும் இருப்பதில்லை. பரிசுக் கிண்ணமும் இவர்களின் கைக்கு வருவதில்லை. பெர்த்தா அம்மையாரின் வண்டிக்குத் தோல் தைத்த தொழிலாளியின் நிலையே இன்னும் தொடர்கின்றது.

இஃது அறம் பற்றிய குறை மட்டும் அன்று. பெரும் இழப்புக்கும் வழியாகும். மதிப்பில்லாத தொழிலை மைந்தர் கற்க விரும்பார். கற்பார் இல்லையேல், முதியவரோடு அக்கலையும் மறையும். பின்னர், வண்டி பளபளவென்று மேடையில் நிற்கும்; அதை இயக்குவார் இரார். இயக்க ஆளில்லாத பொறி, பழைய இரும்புக்கடையில் கிடக்கும் இரும்பினின்றும் வேறுபட்டதன்று.

கீழக்கரையின் மரக்கலங்களை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். பலகைகள் ஒவ்வொன்றாக மாறிய பின்னும் அக்கலத்தை ஊரார் பழைய பெயரால்தான் அழைத்தனர். மரம் மாறியது, அதன் வடிவும் பயனும், அதைப் பழுதுபார்க்கும் தச்சரின் அறிவும் மாறவில்லை. கரை முழுவதற்கும் அது தேவைப்பட்டதால் அவ்வறிவு தானே தழைத்தது. கண்ணாடியிழைப் படகுகள் பெருகிய பின், அத்தச்சருக்கும் வேலை குறைந்தது. பழைய காரின் நிலையும் அதுவே. அன்றாடத் தேவை அதனைக் கைவிட்டுவிட்டது. இனி ஆர்வம் ஒன்றே அதனைக் காத்தல் வேண்டும்.

ஆதலின், மாணவர் இத்தகைய கண்காட்சிக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றால், ‘இதன் விலை என்ன?’ என்று மட்டும் கேட்டு அகலுதல் கூடாது. ‘இதனைப் பழுதுபார்த்தவர் யார்? அவரிடம் இக்கலையைக் கற்பவர் உளரா?’ என்றும் கேட்டல் வேண்டும். கண்காட்சி தொலைவில் இருப்பினும் குறையில்லை. தம் ஊரிலேயே, பழைய வண்டியோ, பழைய வள்ளமோ, அதனைச் செப்பனிடும் முதியவரோ இருக்கக்கூடும். அம்முதியவரின் பெயரையும், அவர் கூறும் தொழில் நுணுக்கத்தையும் ஏட்டில் எழுதி வைத்தல் நற்பணியாகும். இரும்பைத் துரு தின்னும். கைத்திறனை மறதி தின்னும். துருவைத் தடுக்க எண்ணெய் வேண்டும். மறதியைத் தடுக்க நன்றியறிவு வேண்டும்.

பயிற்சி

1. கடலோர ஊர்களில் இரும்பு விரைந்து துருப்பிடிப்பது ஏன்?
2. பெர்த்தா பென்சு அம்மையார் வழியில் நேர்ந்த இடையூறுகளை எவ்வாறு வென்றார்?
3. பழம்பெரும் ஊர்திகளுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் அளிக்கும் உரிமையும் விதிக்கும் தடையும் யாவை?
4. ‘பொறுத்திருக்கக்கூடிய தழும்பை விட்டுவைப்பதும், பரவக்கூடிய நோயை நீக்குவதுமே நடுநிலையான வழி’ – இக்கருத்தை விளக்குக.
5. உம் ஊரில் பழைய பொருள்களைச் செப்பனிடும் தொழிலாளர் ஒருவரைக் கண்டு, அவருடைய தொழிலைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.