பாட்டிலில் ஒட்டிய தேதி போதாது

அன்புள்ள தங்கைக்கு,

“ஃப்ரீசரில் இருக்கும் பிளாங்க் பிளாஸ்மா எத்தனை மாதம் தாங்கும், அக்கா?” என்று கேட்டிருந்தாய். இந்திய ரத்த வங்கிகளில் உறைந்த பிளாஸ்மாவுக்கு ஓர் எண் உண்டு: −30 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்தால் 1 ஆண்டு. ரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகள் கெடாமலிருக்க வகுத்த கணக்கு அது. நம் தேவை வேறு. பிளாங்க், அதாவது மருந்தில்லாத பிளாஸ்மாவில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, அளவுகோலாக ஸ்டாண்டர்டும் தரம் சரிபார்க்கக் கியூசியும் செய்கிறோம். மருந்து உட்கொண்ட தன்னார்வலரின் ரத்தத்தை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறோம். ஆகவே உன் கேள்வி இப்படி இருக்கட்டும்: இந்த பாட்டில் இன்றும் தன்னார்வலரின் பிளாஸ்மாவைப் போலவே நடந்துகொள்கிறதா?

உறைந்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று எண்ணாதே. உப்புநீர் முழுதும் உறைய −21 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். −20 ஃப்ரீசரில் பனிக்கு நடுவே செறிந்த உப்புநீர் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மாற்றங்கள் அங்கே மெல்ல நடக்கும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் இடையிடையே சூடேறி இறங்குவதால் இன்னும் மோசம். நெடுநாள் வைக்க −70தான் நல்லது.

உருக்கும்போதும் கவனம் வேண்டும். குளிரில் மெல்ல உருகும் பிளாஸ்மாவின் அடியில் படியும் புரதத்தில் எட்டாம் காரணி செறிந்திருப்பதை 1964இல் ஜூடித் பூல் காட்டினார். ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு அது உயிர்காக்கும் மருந்தாயிற்று. நமக்கு அதே படிவு தொல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கியூசி தோற்றதற்குக் கருவியையே குறை சொல்லி ஒரு மாலை முழுக்கப் போராடினேன். கடைசியில் பார்த்தால், பிப்பெட் நுனியில் மெல்லிய ஃபைப்ரின் இழை. உறிஞ்சிய அளவே குறைந்திருந்தது. அதன்பின் முழுதும் உருகவிட்டு, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தெளிந்ததைத்தான் எடுக்கிறேன். மேலே தண்ணீராகவும் அடியில் புரதமும் உப்பும் செறிந்தும் உருகுவதால், கலக்காமல் ஒரு சொட்டும் எடுக்காதே. தன்னார்வலர் மாதிரிகளையும் இதே முறையில்தான் கையாள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு இதைவிடப் பெரிது. ஆஸ்பிரினைப் பிளாஸ்மாவின் எஸ்டரேஸ் நொதிகள் சாலிசிலிக் அமிலமாக உடைத்துவிடும். பலமுறை உருகி உறைந்த பிளாஸ்மாவில் நொதிகள் வலுவிழந்திருக்கலாம். கரியமில வாயு வெளியேறி, 7.4ஆக இருந்த பிஎச் 8ஐ நெருங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பழைய பிளாஸ்மாவில் மருந்து நிலைத்து நிற்கிறது என்று நீ எழுதிவிட்டால், அப்போதுதான் எடுத்த ரத்தத்தில் அது சிதைந்துபோவதை யார் கண்டுபிடிப்பது? பழைய பாட்டில் நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லக்கூடும். அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம்.

‘பிளாங்க்’ (வெற்று) என்ற சொல்லையும் சந்தேகப்படு. பிளாஸ்மா கொடுத்தவர் காலையில் காப்பி குடித்திருந்தால் அதில் கஃபீன் இருக்கும். தலைவலிக்கு மாத்திரை போட்டிருந்தால் பாராசிட்டமால் இருக்கும். மருந்தளக்கும் முறைகளைச் சரிபார்க்க (வேலிடேஷன்) 2022இல் நிறைவுபெற்ற ஐசிஹெச் எம்10 வழிகாட்டி, குறைந்தது 6 தனித்தனி நபர்களின் பிளாஸ்மாவைச் சோதிக்கச் சொல்கிறது. அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு தரும் சிக்னலில் 20 சதவீதத்துக்கு மேல் வெற்றுப் பிளாஸ்மா காட்டக் கூடாது. வேலிடேஷனில் ஒருமுறை பார்த்ததோடு விடாதே. ஒவ்வொரு லாட்டையும் பயன்படுத்தும் முன் ஓட்டிப் பார்.

வாங்கிய அன்றே சிறு குழாய்களாகப் பிரித்து வை. ரத்தம் உறையாமல் தடுக்கச் சேர்த்தது எந்த ஆன்டிகோயாகுலன்ட், என்று உறைந்தது, எத்தனை முறை உருகியது என்று ஒவ்வொன்றிலும் எழுது. புது லாட் வந்ததும் பழையதோடு ஒரே நாளில் ஒப்பிடு. வேறுபட்டால் பழையதைத் தயங்காமல் ஒதுக்கு.

தன்னார்வலர் ஒருவர் ஒரே நாளில் பலமுறை ரத்தம் தருகிறார். அவருடைய ஒவ்வொரு சொட்டையும் நாம் இந்த பாட்டிலை வைத்துத்தான் எடைபோடுகிறோம். எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உன் பொறுப்பு.

அன்புடன்,
அக்கா