ஒளியிழைகளின் நிற வரிசை

கேள்வி: ஒளியிழைக் கேபிளில் 43-ஆவது இழையை நிறத்தைக் கொண்டு கண்டறிவது எவ்வாறு? அதே நிறமுள்ள பிக்டெயிலுடன் அதை இணைத்தால் போதுமா?

பதில்: அமெரிக்கத் தரமான டி.ஐ.ஏ. 598, இழைகளுக்கு நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா எனும் 12 நிறங்களை இவ்வரிசையிலேயே வகுத்துள்ளது. இழைகளைப் பொதிந்துள்ள குழாய்களும் இதே வரிசையைப் பின்பற்றுவதால், குழாய்க்கு 12 இழைகள் கொண்ட கேபிளில் 43-ஆவது இழை என்பது நான்காம் குழாயான பழுப்பினுள் ஏழாவதாக உள்ள சிவப்பு இழையாகும்.

பிக்டெயில், அதாவது ஒரு முனையில் மட்டும் கனெக்டர் பொருத்தப்பட்ட குறுகிய இழைத்துண்டு, அதே தரத்தைச் சார்ந்ததாயின் நிறத்தோடு நிறம் சேர்ப்பது சரியே. ஆயினும் ஜெர்மானிய டி.ஐ.என். தர வரிசை சிவப்பு, பச்சை, நீலம் எனத் தொடங்குவதால், இரு தரங்களும் சந்திக்கும் இடத்தில் நிறத்தை விடுத்து எண்ணையே பின்பற்றுவது இன்றியமையாதது. கனெக்டரின் பச்சை நிறமோ வரிசையைக் குறிப்பதன்று. அதன் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டுள்ளது என்பதையே அது உணர்த்துகிறது.

நிறம் என்பது 250 மைக்ரான் தடிமனுள்ள இழையின் மேற்பூச்சு மட்டுமே என்பதால், இடம் மாறிய இணைப்பிலும் ஒளி குறைவின்றிச் செல்லும். இழப்பை அளக்கும் கருவி பிழையைக் காட்டாது. குழாயிலுள்ள களிம்பு படிந்த நிலையில் வெள்ளையும் சாம்பலும் எளிதில் மயங்குமாதலால், ஆல்கஹாலால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்த பின்னரே இழைகளை இணைத்தல் வேண்டும்.